காற்றைச் சுத்தம் செய்கிற செடி

கரிமலைக்குக் கூரை போடு என்று கேட்டவர்கள் கையில் ஒரு பூந்தொட்டியைக் கொடுத்தால் யாருக்கானாலும் கோபம் வர வேண்டும். பிலோமிக்கு அன்றைக்கு வரவில்லை. சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள், தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போட்டோவுக்கு வேறு நின்றாள். அதற்கும் சேர்த்துத்தான் பின்னால் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

திருவொற்றியூரில் கடலைப் பார்த்த மாதிரி இருக்கிற நாற்பது வீட்டுக்குப் பெயர் கெபித் தெரு. முனையில் குகை மாதிரி கட்டி மாதா சிலை வைத்த கெபி இருப்பதால் அந்தப் பெயர். தெருவுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கம்பெனியின் கரிக்கிடங்கு. கப்பலில் வந்து இறங்கிய நிலக்கரியை மூன்று மாடி உயரத்துக்குத் திறந்த வெளியில் கொட்டி வைத்திருந்தார்கள். மற்ற ஊரில் கடல்காற்று வந்தால் ஜன்னலைத் திறப்பார்கள். கெபித் தெருவில் மூன்று மணிக்குக் கடல்காற்று எழும்பியதும் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்துகிற சத்தம் கேட்கும். கொடியில் காய்கிற வெள்ளைச் சட்டையை ஐந்து நிமிஷம் மறந்தால் அது வெள்ளைச் சட்டை இல்லை. தெருவே கடலோரம் குடியிருந்துகொண்டு கடல்காற்றுக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொள்கிறது என்றால் இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

பிலோமியின் புருஷன் யேசுதாஸ் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். பீடி, சிகரெட் தொட்டதில்லை. இப்போது கட்டிலில் உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். படுத்தால் மூச்சு வராது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மருந்து பாதி வேலைதாம்மா செய்யும். தூசு நிக்கணும். இல்லேன்னா வீட்டை மாத்திடுங்க" என்றார். மாற்றுவதாம். ஓய்வு பெற்ற காசையெல்லாம் கொட்டிக் கட்டிய வீடு. அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு அதை எந்த மடையன் வாங்குவான்?

நாலு வருஷம் மனு மேல் மனு போட்டு, கடைசியில் கிடங்குக்கு ஒரு வருஷத்துக்குள் கூரை போட வேண்டும் என்று அரசாங்கத்திலிருந்து உத்தரவு வந்தது. அந்தக் கூரை வந்தால்தான் யேசுதாஸ் இன்னும் நாலு கிறிஸ்துமஸ் பார்ப்பார். பிலோமி அதைக் கெபியில் முழங்கால் போட்டுச் சொல்லியிருக்கிறாள், தெருவிலும் சொல்லியிருக்கிறாள். கூரை வருவதற்கு முன்னால் ஏப்ரல் மாதம் ஒரு லாரி வந்தது. லாரி நிறையச் செடி.

கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி செல்வநாதன் லாரிக்குப் பக்கத்தில் மைக் பிடித்தார். இஸ்திரி கலையாத சட்டை, எல்லோரையும் அம்மா, ஐயா என்று கூப்பிடுகிற பதவிசான மனிதர்.

"அம்மா, இதோட பேரு பீஸ் லில்லி. தமிழ்ல அமைதி லில்லின்னு வெச்சுக்கலாம். வெளிநாட்டுக் காடுகள்ல பெரிய மரத்து நிழல்ல வளர்ற செடி. அதனால வெயிலே வேணாம், வீட்டுக்குள்ளயே வளரும். வெள்ளையாப் பூக்கும், பூத்தா மாசக்கணக்குல நிக்கும். முக்கியமான விஷயம், இது காத்துல இருக்கிற நச்சையெல்லாம் உறிஞ்சிடும். உங்க வீட்டுக்குள்ள காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் ஓடற மாதிரி."

"கரண்ட் பில்லு வருமா சார்?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். தெரு சிரித்தது. செல்வநாதனும் கூடச் சிரித்தார்.

ஒவ்வொரு தொட்டியிலும் ஓர் அட்டை செருகியிருந்தது. வாரம் இரண்டு முறை தண்ணீர், ஈரத்துணியால் இலையைத் துடைக்கவும், நிழலில் வைக்கவும் என்று அழகாக அச்சடித்திருந்தார்கள். பிலோமி அதை எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தாள். மாதா கோயிலில் பீடத்துணி துவைத்து மடிக்கிற பொறுப்பு அவளுடையது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற கை. நேராக வீட்டுக்குள் கொண்டுபோய் யேசுதாஸின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டுத் தொட்டியை வைத்தாள்.

"இன்னாம்மே இது, எனக்குப் பூ வெக்கிறியா? இன்னும் போகல நானு" என்றார் யேசுதாஸ்.

"வாயக் கழுவுய்யா. காத்த சுத்தம் பண்ணுமாம். மூச்ச இஸ்து வுடு நல்லா" என்றாள் பிலோமி.

மனிதருக்கு நம்பிக்கை என்பது எங்கே ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது செடி மொத்தமும் துவண்டு தொட்டி விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. செத்துவிட்டது என்று பதறி ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு இலையாக நிமிர்ந்து நிற்கிறது. பிலோமி அன்றைக்கு யேசுதாஸைத் தட்டி எழுப்பி அதைக் காட்டினாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு உயிர்ப் பிடிப்புள்ள செடி ஏதாவது செய்யாமலா போகும் என்று நினைத்தாள். அந்த நினைப்புதான் அவளை அடுத்த காரியத்துக்குக் கொண்டுபோனது.

மே மாதம் முதல் வாரம். யேசுதாஸுக்கு நெஞ்சில் சளி கட்டி ராத்திரியெல்லாம் இழுத்தது. காலையில் பிலோமி வழக்கம்போல் கற்பூரவல்லி பறிக்க வாசலுக்குப் போனாள். கற்பூரவல்லி கரி மூடிக் கறுத்துப் போயிருந்தது. உள்ளே வந்தால் தலைமாட்டில் இந்தச் செடி பளபள என்று நிற்கிறது. காற்றில் இருக்கிற நச்சையே உறிஞ்சுகிறது என்றால், இதன் சாறு நெஞ்சில் இருக்கிற நச்சை எடுக்காதா? யாராக இருந்தாலும் அந்த வீட்டில் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இரண்டு இலையைக் கிள்ளிக் கழுவி அம்மியில் தட்டி வெந்நீரில் கலக்கினாள். புருஷனுக்குக் கொடுப்பதற்கு முன்னால் எந்த மருந்தையும் தான் ஒரு வாய் வைத்துப் பார்ப்பது அவள் பழக்கம். வைத்தாள்.

நாக்கில் நூறு ஊசி இறங்கியது. உதடு தடித்தது, தொண்டை அடைத்தது. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மெர்லின் ஓடி வந்தாள். மெர்லின் வண்ணாரப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர்.

"ஐயோ ஆன்ட்டி, இத்தப் போயி வாயில வெப்பாங்களா? மொதல்ல துப்புங்க, வாய நல்லாக் கொப்பளிங்க!" மெர்லின் டம்ளரைப் பிடுங்கிக் கொல்லையில் ஊற்றினாள். குளிர்ந்த பால் கொடுத்தாள், ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஊசி போட்டு உட்கார வைத்தார்கள். வீக்கம் வடிய சாயங்காலம் ஆனது. பேச முடிந்தவுடன் பிலோமி கேட்ட முதல் கேள்வி, "அந்தாளு குட்ச்சிருந்தா இன்னாடி ஆயிருக்கும்?"

ஏற்கெனவே மூச்சுக்குத் திணறுகிறவரின் தொண்டை வீங்கினால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"அது இன்னா செடி, ஒய்ங்கா சொல்லு."

மெர்லின் சொன்னாள். பெயரில்தான் லில்லி, அது லில்லியே கிடையாது. நம்ம சேம்பு, கருணைக்கிழங்கு இருக்கே, அந்தக் குடும்பம். சேம்பு நமைக்கிற மாதிரிதான் இதுவும் நமைக்கும், இலையில், தண்டில், எல்லாவற்றிலும் ஊசி ஊசியாகக் கண்ணுக்குத் தெரியாத படிகம். வெள்ளையாக விரிந்திருக்கிறதே, அது பூவும் இல்லை, ஒரு வகை இலைதான். நடுவில் குச்சி மாதிரி நிற்பதில் பொடிப்பொடியாக ஒட்டியிருப்பதுதான் பூ. காற்றைச் சுத்தம் செய்வதா? காற்றுப் புகாமல் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சோதனை செய்தார்கள், அதில் ஏதோ கொஞ்சம் குறைந்தது. அதுவும் பெயின்ட் வாடை மாதிரி வாயு. கரித்தூளை எந்தச் செடியும் தின்னாது ஆன்ட்டி.

பிலோமி விரல் விட்டு எண்ணினாள். "லில்லின்னான், லில்லி இல்ல. பூவுன்னான், பூ இல்ல. காத்த சுத்தம் பண்ணும்னான், அதுவும் பீலா. ஒரு தொட்டிக்குள்ள மூணு பொய்ய நட்டு என் வூட்டாண்ட குட்த்துட்டுப் போயிருக்கான். வாரத்துக்கு ரெண்டு வாட்டி தண்ணி ஊத்துன்னு எய்தத் தெரிஞ்சவனுக்கு, வாயில வெக்காதன்னு ஒரு வரி எய்தத் தெரியலியா?"

"செடி மேல தப்பு இல்ல ஆன்ட்டி. அது பாட்டுக்கு அது செடி."

"செடிய யாருடி திட்டுனா?" என்று பிலோமி சீறினாள். உண்மையில் அவளுக்குச் செடி மேல் கோபம் இல்லை. அதைத் தூக்கி எறியவும் இல்லை. அன்றிலிருந்து வேறு ஒரு வேலை ஆரம்பித்தாள். யேசுதாஸின் பழைய வேட்டியை எடுத்துக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்தாள். தினமும் காலையில் ஒரு துண்டை நனைத்து இலைகளைத் துடைப்பாள். துடைத்த துண்டைத் துவைக்காமல் காயவைத்து, மூலையில் பேனாவால் தேதி எழுதி மடித்து வைப்பாள். பீடத்துணிகளுக்கு அப்படித்தான் தேதி போட்டு மடிப்பது, அந்தப் பழக்கம். ஜன்னல் சாத்திய வீட்டுக்குள், கட்டில் தலைமாட்டில் இருக்கிற செடி. ஒவ்வொரு துண்டும் அடுப்படித் துணி மாதிரி கறுத்திருந்தது. இருபத்துநாலு துண்டு சேர்ந்தது.

இதற்குள் கம்பெனியின் உள்நோக்கம் வெளியே வந்துவிட்டது. கூரைக்குப் பதிலாக நாங்கள் பசுமை நடவடிக்கை எடுத்துவிட்டோம், மக்களும் திருப்தியாக இருக்கிறார்கள், கூரையிலிருந்து எங்களுக்கு விலக்குக் கொடுங்கள் என்று மேலே எழுதியிருந்தார்கள். அதற்குத் தெருக்காரர்களின் சம்மதக் கடிதம் வேண்டும். மாதா சபைச் செயலாளர் பிலோமி முதல் கையெழுத்துப் போட்டால் மற்ற முப்பத்தொன்பது வீடும் கண்ணை மூடிக்கொண்டு போடும். அந்த விவரம் செல்வநாதனுக்குத் தெரிந்திருந்தது. தெருவில் பாதிச் செடி செத்துப்போயிருந்தது, மீதி வாசலில் கரி மூடிக் கிடந்தது. பார்க்கிற மாதிரி பளிச்சென்று இருந்தது பிலோமி வீட்டுச் செடி ஒன்றுதான். ஆகவே விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து வந்த அதிகாரி சங்கமித்ராவை அவர் நேராக அங்கேதான் கூட்டிவந்தார். சங்கமித்ரா முப்பது வயதுப் பெண், தோளில் பை, கையில் அட்டை வைத்த ஃபாரம். அதிகம் பேசவில்லை.

பிற்பகல் இரண்டரை மணி. யேசுதாஸ் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க மேடம், எவ்ளோ செழிப்பா இருக்கு" என்றார் செல்வநாதன். "மத்தவங்க பராமரிக்கலை. வெளியில வெச்சுட்டு, செடி செத்துப்போச்சுங்கிறாங்க. இந்தம்மா சொன்னபடி செஞ்சாங்க, பலன் கண்ணெதிர்ல இருக்கு."

கரியைக் கொட்டியவன் அவன், செத்த செடிக்குப் பழி தெருவுக்கு. பிலோமி புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அலமாரியைத் திறந்து அந்த இருபத்துநாலு துண்டுகளையும் எடுத்து அதிகாரியின் முன்னால் தரையில் ஒவ்வொன்றாக விரித்தாள்.

"இது ஆறாந்தேதிது. இது ஏழு. இது எட்டு. பார்த்துக்கினே வாங்கம்மா. பூட்டுன வூட்டுக்குள்ள ஒரே ஒரு நாளு அந்த எலை மேல குந்துனது இது."

சங்கமித்ரா குனிந்து ஒரு துண்டைத் தொட்டாள். விரல் நுனி கறுத்தது. அவள் முகம் மாறியது. ஜெயித்துவிட்டோம் என்று பிலோமி நினைத்தாள்.

செல்வநாதன் போனை எடுத்தார். துண்டுகளை வரிசையாகப் போட்டோ எடுத்துக்கொண்டே சொன்னார்: "சூப்பரும்மா! இதைவிட என்ன ஆதாரம் வேணும்? மேடம், ஒரு நாளைக்கு இவ்ளோ தூசியை இந்தச் செடி பிடிச்சிருக்கு. செடி இல்லைன்னா இதெல்லாம் எங்க போயிருக்கும்? ஐயாவோட நுரையீரலுக்குத்தானே போயிருக்கும்? திட்டம் வேலை செய்யுதுன்னு அம்மாவே நிரூபிச்சிட்டாங்க."

திருடனைக் காட்டிக்கொடுக்க வைத்த சாட்சியைத் திருடனே தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போகிறான். இவ்வளவு வெட்கங்கெட்டதனத்தை பிலோமி மீன் மார்க்கெட்டில்கூடப் பார்த்ததில்லை.

"இன்னா சார் சொன்ன?" அவள் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினாள். "எலை மேல குந்துனத தொணிய வுட்டுத் தொட்ச்சிட்டேன். சரி. இந்தாளு நெஞ்சுக்குள்ள இத்தினி வருசமா குந்திகினு கீதே, அத்த எந்தத் தொணிய வுட்டுத் தொடைக்கிறது? நீ சொல்லு. நாலு எலை புடிச்சதே இவ்ளோன்னா, மூக்கும் வாயும் தொறந்துகினு உள்ள இஸ்துகினு இருக்கிற மனுசன் எவ்ளோ புடிச்சிருப்பான்? அதுக்கும் ஒரு போட்டோ எடுத்துக்கோ!"

"வுடு பிலோமி..." என்று யேசுதாஸ் ஆரம்பித்தார். வாக்கியம் முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது. மூன்று பேரும் அது அடங்குகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்கள். நீளமான இருமல்.

செல்வநாதன் தொண்டையைச் செருமினார். "உங்க கஷ்டம் புரியுதும்மா. அதுக்குத்தான் இன்னும் ரெண்டு செடி தர்றோம். இந்தக் கடிதத்தை மட்டும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்று ஒரு தாளை எடுத்தார். கெபித் தெரு வாசிகளாகிய நாங்கள், செடிகளால் எங்கள் வீட்டுக் காற்று சுத்தமாகிவிட்டதை உணர்கிறோம் என்று அது தொடங்கியது.

பிலோமி தாளைப் பார்த்தாள். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றடிக்க ஐந்து நிமிஷம்.

"குந்துங்க சார். டீ குட்ச்சிட்டுப் பேசலாம்" என்றாள்.

நான்கு டம்ளரில் டீ வந்தது. கெபித் தெருவில் டீயை மேலே தட்டு போட்டு மூடித்தான் கொடுப்பார்கள், குடிக்கிறவர்களும் ஒவ்வொரு வாய்க்கும் மூடி மூடித்தான் குடிப்பார்கள். பிலோமி அன்றைக்கு மூடவில்லை. செல்வநாதனின் டம்ளரைச் செடிக்குப் பக்கத்திலேயே, இலை உரசுகிற மாதிரி வைத்தாள். அதை ஒட்டிச் சங்கமித்ராவுக்கு ஒன்று, யேசுதாஸுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பிறகு போய் ஜன்னலின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டாள்.

"சூடா கீது. ஆறட்டும்" என்றாள்.

கடல்காற்று வந்தது. நல்ல காற்றுதான், குளுகுளு என்றுதான் இருந்தது. தரையில் விரித்த துண்டுகள் படபடத்தன. செல்வநாதன் விலக்கு, பசுமை, பங்களிப்பு என்று பேசிக்கொண்டே இருந்தார். ஜன்னல் விளிம்பில் பொடிப்பொடியாகக் கறுப்பு சேர்ந்தது. சங்கமித்ரா தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீயின் மேல் மெல்லிசாக ஒரு கறுப்பு ஏடு படிந்துகொண்டு வந்தது. பேச்சு மும்முரத்தில் செல்வநாதன், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, கையிலிருந்த சம்மதக் கடிதத்தைத் தன் டம்ளர் மேல் மூடினார்.

"எட்ரா அத்த!" என்றாள் பிலோமி.

செல்வநாதன் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"எதுக்கு மூட்ன? அதான் செடி பக்கத்துல கீதே! காத்த சுத்தம் பண்ற மிசினு! அஞ்சு நிமிசம் தாங்கலியா உன் டீ? நாங்க நாப்பது வூடு, கொயந்த குட்டியோட, இருவத்திநாலு மணி நேரமும் மூக்கத் தொறந்து போட்டுகினு கீறோம்யா. பேப்பர எட்த்துட்டு அந்த டீயக் குடி. நீ குட்ச்சிட்டா நான் கையெய்த்துப் போடறேன். மாதா மேல சத்தியம்."

செல்வநாதன் டம்ளரைத் தொடவில்லை. அவர் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "அம்மா, இது என்ன பேச்சு..." என்று இழுத்தார்.

அந்த நேரத்தில் யேசுதாஸ் தன் டம்ளரை எடுத்தார். இத்தனை சண்டைக்கு நடுவில் டீ ஆறிவிடுமே என்று நினைத்தாரோ என்னவோ. டம்ளரை உதட்டருகே கொண்டுபோய் உப்பென்று ஊதினார். கறுப்பு ஏடு ஓர் ஓரமாக ஒதுங்கியது. ஒதுங்கிய இடைவெளியில் வாய் வைத்து நிதானமாக ஒரு மிடறு குடித்தார். மறுபடி ஊதினார். மறுபடி குடித்தார்.

சங்கமித்ரா அதைப் பார்த்துவிட்டு, எழுந்து போய், செல்வநாதனின் டம்ளர் மேலிருந்த கடிதத்தை அலுங்காமல் இரண்டு கையாலும் எடுத்தாள். தாளின் அடிப்பக்கம் ஆவியில் நனைந்து வட்டமாகச் சுருங்கியிருந்தது. மேல்பக்கம், காற்று சுத்தமாகிவிட்டதை உணர்கிறோம் என்ற வரி மேல், கரித்தூள். அவள் அதை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாள்.

"மேடம், அது எங்க ஆபீஸ் காகிதம்" என்றார் செல்வநாதன்.

"இப்ப இது விசாரணைக் காகிதம்" என்றாள் சங்கமித்ரா. பிறகு ஃபாரத்தில், செடியினால் ஏற்பட்ட பலன் என்ற இடத்தில் எழுதத் தொடங்கினாள். எழுதியதை உரக்கப் படித்தாள்.

"செடிக்கு அருகில் வைத்த டீயை நான் குடிக்கவில்லை. கம்பெனி அதிகாரியும் குடிக்கவில்லை, சம்மதக் கடிதத்தால் மூடிக்கொண்டார். வீட்டுக்காரர் கரியை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தார்."

படித்து முடித்து ஃபாரத்தையும் பேனாவையும் பிலோமியிடம் நீட்டினாள். "இது நடந்ததுன்னு நீங்க ஒத்துக்கிறதா இருந்தா, கீழ போடுங்கம்மா."

பிலோமி இடுப்பில் செருகியிருந்த தலைப்பை எடுத்துக் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.